இருநூற்றுப் பதினான்கு நாள் ஓடியவர்

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தூக்கில் போடுவதாக இருந்தாலும், "கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்குங்க" என்று மரியாதையாகச் சொல்லித்தான் போடுவார்கள். இதை நான் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. கோயமுத்தூரில் இருக்கும் போர்க்கால ஒழுங்கு விசாரணை வாரியத்துக்கு நடையாய் நடந்த பிறகு அந்தப் பெருமை போய்விட்டது.

நடந்தது எனக்காக அல்ல. பல்லடத்துக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் தோட்டம். வேலிக்கு அந்தப் புறம் பொங்கியண்ணன் தோட்டம். கொஞ்சம் தென்னை, ஒரு கோழிப்பண்ணை. அவருடைய ஒரே மகன் தீபக் ராணுவத்தில் லாரி ஓட்டினான். போன அக்டோபரில் வடக்கு எல்லையில் பதினெட்டு நாள் சண்டை நடந்ததே, அப்போது பன்னிரண்டாம் தேதி, குண்டு ஏற்றிப் போன அவனுடைய லாரி மலைப்பாதை சரிந்து ஆற்றில் விழுந்தது. லாரியை இழுத்து எடுத்தார்கள். உள்ளே தீபக் இல்லை. கதவு பிய்ந்து போயிருந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் யார் அரசாங்கத்துக்கு என்ன எழுத வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். அரசாங்கத்திலிருந்து வருவதைப் படித்துச் சொல்வதும் நான்தான். நவம்பரில் வந்த கடிதத்தையும் நான்தான் படித்தேன்.

"தங்கள் மகன் முப்பது நாட்களாகப் பணிக்கு வராத காரணத்தால், போர்க்களத்தை விட்டு ஓடியவராக அறிவிக்கப்படுகிறார். அவரை நேரில் கண்டால் உடனே பணிக்குத் திரும்புமாறு அறிவுறுத்தவும்."

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, அவன நேர்ல கண்டா நானு அறிவுரை சொல்லீட்டா இருப்பனுங்க?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பதக்கம். பதினெட்டு நாளும் களத்தில் நின்ற வீரர்களுக்கு நாடு நன்றி சொல்லி அனுப்பியது. அதே பெயர், அதே எண், அனுப்பியது மட்டும் வேறு பிரிவு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பிரிவு தப்பாக எழுதியதை இன்னொரு பிரிவே அடித்துவிட்டது, இனி ஒரு மனு போதும் என்றேன். முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் காகிதத்தோடு இருந்தவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தீபக்கின் மனைவி லோகப்பிரியா எனக்கு மகள் முறை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "சித்தப்பா, அவர ஆத்துல நல்லாத் தேடச் சொல்லி எழுதுங்க. ஓடிப்போனாருன்னு எழுதுனத அழிக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அதைத்தான் எழுதினேன். அதற்குப் பதிலாகப் போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் சரவணன் நல்ல மனிதர். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "வரலாமுங்களா?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். நெல் மூட்டைக்குப் பின்னால் பார்த்தார்கள். கோழிப்பண்ணைக்குள் போய் இரண்டாயிரம் கோழிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பிறகு உட்கார்ந்து, லோகப்பிரியா போட்ட டீயைக் குடித்துவிட்டு, டீ அருமை என்று சொல்லி, பட்டியல் எழுதினார்கள். தலைப்பு, "ஓடியவர் உயிருடன் இருப்பதற்கான தடயங்கள்." ஆண்கள் சட்டை நான்கு. சவரக் கத்தி ஒன்று. மனைவியின் நெற்றியில் குங்குமம். தலையில் மல்லிகைப்பூ, அரை முழம். கழுத்தில் தாலி, ஒன்று.

படித்துப் பார்த்து லோகப்பிரியா கையெழுத்துப் போட்டாள். பொய் எதுவும் எழுதவில்லையே.

டிசம்பரில் முதல் விசாரணை. பொங்கியண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, சட்டைப் பைக்கு மேல் மகனுடைய பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்தார். வாரியத்துக்காரர்கள் பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். கோயமுத்தூர் வரைக்கும் அவர் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

வாரியத் தலைவர் ரங்கராஜ் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. மார்பில் இரண்டு வரிசையாகப் பதக்கங்கள். எழுத்தர் புத்தி போகாதல்லவா, எண்ணினேன், பதினொன்று. அவர் எழுந்து நின்று கைகூப்பி வரவேற்றார்.

"உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. உங்க பையன் ஓடிப்போனதுல இந்த வாரியத்துக்கு ரொம்ப வருத்தமுங்க."

"அவன் ஓடுலீங்க சார். லாரியோட ஆத்துல உளுந்துட்டானுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"லாரி கிடைச்சிருச்சு. ஓட்டினவர் கிடைக்கலை. லாரி கடைசி வரைக்கும் ஆத்துலயே நின்னுச்சு, அதனால லாரி மேல எங்களுக்குப் புகார் எதுவும் இல்லைங்க."

லோகப்பிரியா எழுந்தாள். "ஆத்துல தேடுனாங்களா சார்?"

"அம்மணி, நீங்க நின்னுட்டுப் பேச வேண்டாம், உட்காருங்க. நாங்க ஒழுங்குப் பிரிவு. ஓடினவரைத் தேடறதுதான் எங்க வேலை. ஆத்துல கிடக்கறவரைத் தேடறதுக்கு வேற பிரிவு இருக்குது. ரொம்ப நல்ல பிரிவு. ஆனா அவங்க இறந்தவரை மட்டுந்தான் தேடுவாங்க. உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு ஒரு அத்தாட்சி கொண்டு வந்தீங்கன்னா உடனே தேட ஆரம்பிச்சிருவாங்க."

"தேடிக் கிடைச்சாத்தானுங்க அத்தாட்சி?"

"நியாயமான கேள்வி" என்றார் ரங்கராஜ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் நரசிம்மலுவிடம், "அம்மா நியாயமான கேள்வி கேட்டாங்கன்னு எழுதிக்குங்க" என்றார். பிறகு அவர் பார்வை பொங்கியண்ணன் சட்டைக்குப் போனது. முகம் வாடிவிட்டது. "அது என்னங்க?"

"எம்பையனுக்கு வந்துதுங்க. நீங்க பார்க்கோணுமுன்னு குத்தீட்டு வந்தனுங்க."

"அடடா. போர்ப் பதக்கத்தை அது கிடைக்காதவர் குத்தறது குற்றமாச்சுங்களே. பதக்கம் வாங்கினவர் உயிரோட இருந்தா அவர்தான் குத்தணும். இறந்திருந்தா வாரிசு குத்தலாம், வலது பக்கம். நீங்க இடது பக்கம் குத்தியிருக்கீங்க."

பொங்கியண்ணன் பதறிப்போய்ப் பதக்கத்தில் கை வைத்தார். "வலது பக்கம் மாத்திக்கட்டுங்களா?"

"மாத்தினீங்கன்னா பையன் இறந்துட்டார்னு ஆகும். அதுக்கு அத்தாட்சி இல்லைங்களே. போர்க்காலத்துல பொய்ப் பதக்கம் குத்தறது ஓடிப்போறதை விட மோசமுங்க. ஓடறவன் தன்னை மட்டுந்தான் காப்பாத்திக்கறான். பொய்ப் பதக்கம் குத்தறவன், களத்துல குண்டடி பட்டவங்களோட மானத்தையே எடுத்து மாட்டிக்கறான். இதைச் சொல்றப்ப எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க." உண்மையிலேயே அவர் மார்பில் கையை வைத்தார். பதினொன்றும் கிணுகிணுத்தன.

இரண்டாவது வழக்கு பதிவாயிற்று. பதக்கம் பறிமுதல். ஊக்கு இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நரசிம்மலுவே எழுந்து வந்து, சட்டை கிழியாமல் பக்குவமாகக் கழற்றி எடுத்தார். ரசீது கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பொங்கியண்ணன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். இடம் இருந்தது.

தலைவரின் மார்பு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் ஒரு பதக்கம், அவர் பிறப்பதற்கு முன் நடந்த சண்டைக்குக் கொடுத்தது. எங்கள் பெரியப்பா ஒருவர் அதை வைத்திருந்தார். அடுத்த முறை மனு கொடுக்கப் போனபோது நரசிம்மலுவை டீக்கடைக்குக் கூட்டிப்போய் மெல்லக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. ஆபீசுக்குத் திரும்பியதும் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். மேசை விசிறி, இரண்டு. டீ கெட்டில், ஒன்று. பதக்கம், செட் ஒன்று, எண்ணிக்கை பதினொன்று.

"தலைவர் பதக்கத்தோடதான் உக்காரோணுமுன்னு விதிங்க. வர்றவங்க எல்லாருக்கும் இருக்குமுங்களா? அதனால ஆபீஸ்ல ஒரு செட்டு வாங்கி வெச்சிருக்கறோம். இவருக்கு முன்னால இருந்தவரும் இதைத்தான் குத்துனாரு. போன மாசம் பாலிஷ் போடக் குடுத்திருந்தம், அன்னைக்கு விசாரணையே நடக்கலீங்க."

"அவர் ராணுவத்துல என்னவா இருந்தாருங்க?"

"போர்வைக் கிடங்குல இருபத்துநாலு வருஷமுங்க. ஒரு போர்வை கணக்கு விட்டதில்லை."

இதை ஒரு மனுவாக எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் தீபக்கின் கோப்பு அவர் மேசையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

பிப்ரவரியில் இரண்டாம் விசாரணை. எங்கள் சாட்சி பிரான்சிஸ். பொள்ளாச்சிப் பையன், தீபக்குக்குப் பின்னால் அடுத்த லாரியை ஓட்டி வந்தவன். விடுப்பில் ஊருக்கு வந்தவன், கேட்டவுடன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான்.

"லாரி விழுந்ததைப் பார்த்தீங்களா தம்பி?" என்று ரங்கராஜ் கேட்டார்.

"பார்த்தனுங்க சார். முப்பதடி முன்னால போச்சுங்க."

"தீபக் விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"லாரிக்குள்ள அவன்தானுங்க இருந்தான்."

"விழுந்ததுக்கப்புறம் உள்ள இருந்ததைப் பார்த்தீங்களா?"

"தண்ணி மூடிருச்சுங்களே சார்."

"அப்பப் பார்க்கலை. விழறதுக்கு முன்னால அவர் நடத்தை எப்படி?"

பிரான்சிஸ் சொன்னான்: "பாதை விரிசல் உடறத அவன் முன்னாலயே பார்த்துட்டானுங்க. சன்னல் வழியா கையை நீட்டி, வராதே நில்லுன்னு எனக்குக் காட்டினான். நான் பிரேக் போட்டன். அந்தக் கை அப்படியே கீழ போச்சுங்க. அவன் காட்டலீன்னா இன்னைக்கு நான் இங்க நிக்க மாட்டன்."

லோகப்பிரியா இதை அதுவரை கேட்டதில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம் நான் நம்பினேன்.

"ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துட்டார்" என்றார் ரங்கராஜ் வருத்தத்தோடு. "அரசாங்க வாகனம், மலைப்பாதை, குண்டு லோடு. எழுதிக்குங்க நரசிம்மலு. சரிங்க தம்பி, நீங்க அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"எறங்கி ஓடிப்போய்ப் பார்த்தனுங்க. பேரைச் சொல்லிக் கத்தினன். ஒரு நாலு நிமிஷம் இருக்குமுங்க."

"நாலு நிமிஷம். குண்டு ஏத்தின லாரியைத் தனியா விட்டுட்டு."

மூன்றாவது வழக்கு பிரான்சிஸ் மேல் பதிவாயிற்று. களத்தில் பணியிடத்தை விட்டு நீங்கியது, நான்கு நிமிடம். அவன் விடுப்பு ரத்தானது. தலைவர் அவனுக்குக் கைகொடுத்து, முகாமுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரச் சொன்னார்.

நாங்கள் எழுந்தபோது பொங்கியண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். தலைவரின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எண்ணினேன். பன்னிரண்டு.

"அந்தக் கடைசீல இருக்கறது எம்பையனோடதுங்க" என்றார்.

"பறிமுதல் பண்ணின பொருளை எங்காவது வரவு வைக்கணுமில்லைங்களா?" என்றார் நரசிம்மலு. "பதக்கத்துக்கு ஒரே ஒரு தலைப்புதானுங்க இருக்குது. அதுல சேர்த்துட்டம்."

ரங்கராஜ் தலையாட்டினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நான் எனக்காகக் குத்தலைங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு பதக்கம்கூட நான் வாங்கினதில்லை. அதை வெளிப்படையாச் சொல்றதுக்கு எனக்குக் கூச்சமே கிடையாது. இது எல்லாம் நாற்காலிக்குங்க. நாற்காலிக்கு மரியாதை இல்லைன்னா ஓடிப்போனவங்களை யாருங்க விசாரிப்பாங்க?"

பொங்கியண்ணன் கும்பிட்டுவிட்டு வந்தார். ஏன் கும்பிட்டீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். பதக்கத்தைக் கும்பிட்டேன் என்றார்.

ஏப்ரலில் தலைவர் எங்களைத் தன் அறைக்கே கூப்பிட்டார். டீ வரவழைத்தார். கோப்பைப் புரட்டி, போலீஸ் எழுதிய பட்டியலில் வந்து நின்றார்.

"அம்மணி, இந்த வாரியத்துக்கு இதயம் இருக்குதுங்க. உங்களுக்கு உதவணும்னு ராத்திரி பகலா யோசிச்சேன். கோப்புல உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கறதுக்குச் சட்டை இருக்குது, சவரக் கத்தி இருக்குது. அதையெல்லாம் தள்ளிரலாம். ஆனா தாலியைத் தள்ள முடியாது. புருசன் இறந்தவங்க தாலியோட இருக்கமாட்டாங்க. நீங்க இருக்கீங்க. இப்ப எங்ககிட்ட இருக்கற ஒரே சாட்சி உங்க கழுத்துதானுங்க. அது மாறுச்சுன்னா கோப்பும் மாறிரும்."

நரசிம்மலு தேவையானவற்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். காரியம் செய்த அத்தாட்சி. அஞ்சலி போஸ்டர், மூன்று பிரதி. தாலி கழற்றுவதற்கு முன், கழற்றும்போது, கழற்றிய பின், புகைப்படம் தலா ஒன்று.

லோகப்பிரியா என்னைப் பார்த்தாள். "இதச் செஞ்சா ஆத்துல தேடுவாங்களா சித்தப்பா? ஓடிப்போனாருங்கறத அழிச்சுருவாங்களா?"

செய்துவிடலாம் கண்ணு என்று சொன்னவன் நான். பொங்கியண்ணன் சொல்லவில்லை. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

உடம்பு கிடைக்காதவருக்கு வைக்கோலிலும் தர்ப்பையிலும் உருவம் செய்து எரிப்பார்கள். எந்த நாளில் எரிக்கிறோமோ அதுதான் மறைவு நாள், வருஷா வருஷம் திதியும் அன்றைக்குத்தான் என்று காரியம் செய்ய வந்தவர் சொன்னார். அப்படித்தான் வழக்கம். மே பதினான்காம் தேதி, கோழிப்பண்ணைக்குப் பின்னால், வேலி ஓரத்தில் செய்தோம். பொங்கியண்ணன் மகனுடைய நீலச் சட்டையை வைக்கோலுக்குப் போட்டுவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். கழுத்துப் பொத்தானை மாட்டிவிட்டு, இறுக்குமோ என்று திரும்பக் கழற்றினார்.

லோகப்பிரியாவின் அத்தை ஒருத்திதான் தாலியைக் கழற்றினாள். போட்டோக்காரர், "கொஞ்சம் இப்படித் திரும்பிக்குங்க அம்மணி, நிழல் அடிக்குது" என்றார். அவள் திரும்பினாள். மூன்று போட்டோவும் தெளிவாக விழுந்திருந்தன. பல்லடம் அச்சகத்தில் போஸ்டர் அடித்தார்கள். மறைவு என்ற இடத்தில், வழக்கப்படி, பதினான்காம் தேதி.

எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன். ஜூன் மாதம் உத்தரவு வந்தது. பொங்கியண்ணன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே படித்தேன்.

"தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களை வாரியம் முழு மனதுடன் ஏற்கிறது. அவற்றின்படி தீபக் மே பதினான்காம் தேதி பல்லடத்தில் இறந்தார். எனவே காணாமற்போன அக்டோபர் பன்னிரண்டு முதல் மேற்படி தேதி வரை இருநூற்றுப் பதினான்கு நாட்கள் அவர் உயிருடன் இருந்துகொண்டே பணிக்குத் திரும்பவில்லை என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. போரில் ஓடியவர் என்ற அறிவிப்பு உறுதி செய்யப்படுகிறது. இறந்த இடம் பல்லடம் என்று தெரியவந்துள்ளதால் ஆற்றில் தேட வேண்டிய அவசியம் எழவில்லை. ஓடியவரின் உடலை அனுமதியின்றி எரித்தது தொடர்பாக எரித்த இடத்தைத் தோண்டி எச்சங்களைக் கைப்பற்றுமாறு காவல்துறைக்கு உத்தரவிடப்படுகிறது. குடும்பத்தாருக்கு வாரியத்தின் ஆழ்ந்த இரங்கல்."

படித்து முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். தேதியை நான் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் தேதி பார்த்தே பிழைத்தவன். லோகப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னொருக்காப் படிங்க" என்றார் பொங்கியண்ணன். படித்தேன். "இருநூத்திப் பதினாலு நாளு எங்கூட இருந்தானா?" என்று கேட்டார். "அப்படித்தான் எழுதியிருக்குதுங்க" என்றேன். அவர் பண்ணைக்குப் போய்க் கோழிகளுக்குத் தீவனம் வைக்க ஆரம்பித்தார். வைத்ததற்கே மறுபடியும் வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் சரவணன் வந்தார். கூட நான்கு ஆட்கள், மண்வெட்டி, கடப்பாரை, எச்சங்களைப் போட ஒரு புதுப் பிளாஸ்டிக் வாளி, வீடியோ எடுக்க ஒருவர். பூட்ஸைக் கழற்றப் போனவர், தோண்டப் போகிறோம் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "எங்களுக்கும் சங்கடந்தானுங்க. மேல இருந்து உத்தரவு" என்றார்.

எந்த இடம் என்று கேட்டார். பொங்கியண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். லோகப்பிரியா வீட்டுக்குள்ளிருந்து வந்து, கோழிப்பண்ணையைச் சுற்றிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தாள். வேலி ஓரத்தில் புல் முளைக்காத இடத்தைக் காட்டினாள்.

முதல் வெட்டில் கருப்பாக மண் வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் வைக்கோல் சாம்பல். வெட்டியவன் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். சரவணன் தரையைப் பார்த்தார்.

"ஏனுங்க நிறுத்தீட்டீங்க?" என்றாள் லோகப்பிரியா. "தோண்டுங்க. எட்டு மாசமா அவரத் தேடுங்க தேடுங்கன்னு எல்லாரையும் கும்பிட்டனுங்க. இன்னைக்குத்தான் கவருமெண்டு மொதல் மொதலா அவரத் தேடுது."